ஹார்டு டிஸ்க்கால் அதிரும் லேப்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2.5 அங்குல ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. அதிர்வு என்றதும் டிஸ்க் சாகப்போகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூவும் ரப்பரும்தான். ஆனால் எது எது என்று பிரித்துப் பார்க்கும்வரை டிஸ்க்கைச் சந்தேகிப்பதே பாதுகாப்பு. எனவே கீழே உள்ள எதையும் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

மணிக்கட்டு வைக்கும் இடத்தில் மெல்லிய அதிர்வு எப்போதும் இருக்கிறது. இது சாதாரணம்தானா?

ஆம், ஓரளவுக்கு. டிஸ்க்கின் உள்ளே ஒன்றோ இரண்டோ வட்டத்தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அதாவது நொடிக்கு 90 அல்லது 120 சுற்று. எந்தத் தட்டையும் நூறு சதவீதம் சமநிலைப்படுத்த முடியாது. மீதமிருக்கும் துளி எடை வேறுபாடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு தள்ளும். பல லேப்டாப்புகளில் டிஸ்க் சரியாக மணிக்கட்டுப் பகுதிக்குக் கீழேதான் இருக்கிறது என்பதால் அது கைக்குத் தெரிகிறது.

அதிர்வு எவ்வளவு என்பதைவிட, அது மாறியிருக்கிறதா என்பதே கேள்வி. வாங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரி இருந்தால் கவலை குறைவு. போன வாரம் இல்லாதது இந்த வாரம் வந்திருந்தால், அல்லது மேசையே ரீங்காரமிட்டால், காரணம் தேடவேண்டும்.

என் லேப்டாப்பில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்றே தெரியவில்லையே?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடப்பக்கம் 'டிஸ்க் 0' என்பதற்குக் கீழேயே எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். பழைய பதிப்பில் அது வராவிட்டால், தேடல் பெட்டியில் 'டிஃப்ராக்மென்ட்' என்று தேடி வரும் சாளரத்தில் மீடியா டைப் என்ற பத்தியைப் பாருங்கள். எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதில் சுழலும் பாகமே கிடையாது. உங்கள் அதிர்வு ஃபேனிலிருந்து வருகிறது.

அதிர்வது டிஸ்க்கா, ஃபேனா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஸ்க் ஒரே வேகத்தில் சுழலும். ஃபேன் வேகம் சூட்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். உயர்தர வீடியோ ஒன்றை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறுத்துங்கள். சத்தத்தின் சுருதி ஏறி இறங்கினால் ஃபேன். எதற்கும் அசையாமல் ஒரே சுருதியில் நின்றால் டிஸ்க்.

லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதில் தட்டு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். மறந்துபோன ஒரு குறுந்தட்டு, அதிலும் மேலே காகித லேபிள் ஒட்டியது, லேப்டாப் முழுவதையும் உலுக்கும். வெளியே எடுத்ததும் நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமானால், ஒரு பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டு அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள். நிறுவ வேண்டாம், 'டிரை' என்பதைத் தேர்ந்தால் போதும். அதிலுள்ள டிஸ்க்ஸ் என்ற செயலியில் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்து, மேலே உள்ள மெனுவில் 'ஸ்டாண்ட்பை நவ்' கொடுங்கள். சில நொடிகளில் தட்டுகள் சுழல்வதை நிறுத்திவிடும், ஃபேன் மட்டும் ஓடும். அந்தக் கணத்தில் அதிர்வு அடங்கினால் சந்தேகமே இல்லை. விண்டோஸிலேயே இதைச் செய்ய முடியாததற்குக் காரணம், விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருப்பதால் உடனே அதை மறுபடி எழுப்பிவிடும்.

சார்ஜர் போட்டிருக்கும்போது, மூடியின் மேல் விரலால் மெதுவாகத் தடவினால் மட்டும் நடுக்கம் தெரிகிறது. டிஸ்க்தானே?

இல்லை. இது மின்கசிவு உணர்வு. உலோக உடல் கொண்ட லேப்டாப்பை இரண்டு முள் பிளக்கிலோ, எர்த் இல்லாத சாக்கெட்டிலோ செருகியிருந்தால், சார்ஜருக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடலுக்கு வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தோலில் அது அதிர்வு போலவே படும். விரலை அசைக்காமல் அழுத்தி வைத்தால் தெரியாது, தடவினால்தான் தெரியும். டிஸ்க் அதிர்வு இதற்கு நேர்மாறானது, அழுத்தி வைத்தாலும் தெரியும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு, எர்த் உள்ள மூன்று முள் இணைப்புக்கு மாறுங்கள்.

அதிர்வு ஒரே சீராக இல்லை. ஊம்... ஊம்... என்று அலை அலையாக வருகிறது.

கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு பொருட்கள் ஒரே சட்டத்தில் இருந்தால் இப்படித்தான் கேட்கும். டிஸ்க் 5400இலும் ஃபேன் 5300இலும் சுழன்றால் வித்தியாசம் நிமிடத்துக்கு 100. நொடிக்கு ஒன்றரை முறைக்குச் சற்று மேலாக அதிர்வு எழுந்து அடங்கும். இரண்டு டிஸ்க் போட்ட லேப்டாப்புகளிலும் இதைக் கேட்கலாம். ஃபேன் வேகம் மாறும்போது அலை மறைந்தால் பழுது எதுவும் இல்லை. ஆனால் அலை எடுப்பாகக் கேட்கிறது என்றால் டிஸ்க்கின் ரப்பர் பிடிப்பு அதிர்வைத் தடுக்காமல் சட்டத்துக்கு அப்படியே கடத்துகிறது என்று பொருள்.

செல்போனை வைத்து அளக்க முடியுமா?

முடியும், ஆனால் சரியான உணரியைப் பயன்படுத்தவேண்டும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிடும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் என்ற சோதனை உண்டு. சாம்பிள் எண்ணிக்கையை 16384க்குக் கூட்டிக்கொள்ளுங்கள்; 2048இல் விட்டால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 23 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும், 90 எது 100 எது என்று பிரியாது. போனின் மைக் பக்கத்தை மணிக்கட்டுப் பகுதியில் படியவைத்து, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு அளவெடுங்கள். 90இல் முனை எழுந்தால் 5400 டிஸ்க், 120இல் எழுந்தால் 7200. சரியாக 100இல் நின்றால் அது மின்சார ரீங்காரம், டிஸ்க் அல்ல.

ஆக்சிலரோமீட்டர் சோதனை நேரடியாகத் தோன்றினாலும் ஏமாற்றும். நொடிக்கு 100 முறை மட்டும் அளக்கும் போனில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் சரியாகத் தெரியாது. 90 ஹெர்ட்ஸ் அதிர்வு 10 ஹெர்ட்ஸ் போல வேடம் போட்டு நிற்கும்.

திறந்து பார்க்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலையை எப்படிச் சோதிப்பது?

விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் மேலே சொன்ன டிஸ்க்ஸ் செயலி. டிஸ்க் தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளை இவை காட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மூல எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். ஃபங்ஷன் மெனு, அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது.

பார்க்கவேண்டியவை சில வரிகள்தான். ரீஅலோகேட்டட் செக்டர் (05), கரண்ட் பெண்டிங் செக்டர் (சி5), அன்கரெக்டபிள் (சி6) மூன்றும் பூஜ்யமாக இருக்கவேண்டும். பெண்டிங் செக்டர் ஒன்றாவது இருந்தால் டிஸ்க் படிக்கத் திணறும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற வேலையை நிறுத்திவிட்டு நகலெடுங்கள். ஸ்பின் ரீட்ரை (0ஏ) ஏறியிருந்தால் மோட்டார் ஒரே முயற்சியில் வேகம் பிடிக்கவில்லை. அதிர்வோடு சேர்ந்து இது வந்தால் நல்ல அறிகுறி அல்ல. சி7 என்ற சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாக இருக்கலாம், கேபிளோ இணைப்பியோ தளர்ந்திருக்கிறது. அதிர்வே அந்தத் தளர்வை உண்டாக்கியிருக்கவும் கூடும்.

சீகேட் டிஸ்க்குகளில் முதல் வரியான ரீட் எர்ரர் ரேட்டின் மூல எண் கோடிக்கணக்கில் இருக்கும். அந்த நிறுவனம் எண்ணை எழுதும் முறையே அப்படி. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் டிஸ்க் அதிரவில்லை என்று பொருளல்ல. சமநிலைக் குறைவை அளக்கும் வரி அதில் பொதுவாக இல்லை.

திறந்து என்ன பார்க்கவேண்டும்?

முதலில் திறக்காமலேயே இரண்டு சோதனை. லேப்டாப் ஓடும்போது, டிஸ்க் இருக்கும் இடத்துக்கு மேலே உள்ளங்கையால் மிதமாக அழுத்துங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. அடுத்து, லேப்டாப்பை மடித்த துண்டின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள், காற்றுத் துளையை மறைக்காமல். சத்தம் அடங்கிவிட்டால் உங்கள் மேசைதான் அதைப் பெருக்கியது. அடியிலுள்ள நான்கு ரப்பர் கால்களில் ஒன்று உதிர்ந்திருக்கும், அல்லது மெல்லிய பலகை மேசையாக இருக்கும். ஒட்டும் ரப்பர் கால்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்; நான்கையும் ஒரே உயரத்தில் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் லேப்டாப் ஆடும்.

இரண்டும் பலிக்காவிட்டால் திறக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து முழுமையாக அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், கழற்றக்கூடிய பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்துங்கள். பேட்டரி உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம் அதன் இணைப்பியைப் பிரிப்பது. ஒரு உலோகப் பொருளைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள்.

அடிமூடிக்குப் பெரும்பாலும் பிலிப்ஸ் 0 அல்லது 1 அளவு ஸ்குரூடிரைவர் போதும். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும், டிவிடி டிரைவின் உள்ளேயும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். எந்த ஸ்குரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதை ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டைத் துளையில் ஏற்றிக் கீபோர்டுப் பக்கம் புடைக்க வைப்பது சர்வீஸ் மேசைகளில் அடிக்கடி காணும் காட்சி.

டிஸ்க் தெரிந்ததும் பார்க்கவேண்டியவை:

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நான்கு எம்3 ஸ்குரூ இருக்கவேண்டும். முன்பு ஒருமுறை சர்வீஸுக்குப் போய்வந்த லேப்டாப்பில் இரண்டுதான் இருக்கும். அதிலும் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் டிஸ்க் மறுபக்கம் சுதந்திரமாக ஆடுகிறது. புதிதாகப் போடும்போது 3 மிமீ நீள ஸ்குரூ போதும். அதைவிட நீளமானது டிஸ்க்கின் வார்ப்பு உடலை நெருக்கும். விரலால் முழுக்கத் திருகி, பிறகு ஸ்குரூடிரைவரால் கால் சுற்று. அவ்வளவே.

அடுத்தது தகட்டை லேப்டாப் உடலோடு பிணைக்கும் ஸ்குரூக்கள். இந்த இடத்தில் பல மாடல்களில் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பர் கெட்டித்துப் பிளந்திருந்தாலோ, ஸ்குரூவை முறுக்கி ரப்பரை நசுக்கியிருந்தாலோ அதிர்வு நேராக உடலுக்குப் போகும். ரப்பர் இருக்கும் இடத்தில் அதிக இறுக்கமும் தளர்வைப் போலவே கெடுதல்.

திங்க்பேடுகளில் டிஸ்க்கின் இரு பக்கமும் கருப்பு ரப்பர் தண்டவாளம் ஒன்று மாட்டியிருக்கும். டிஸ்க் மாற்றும்போது அதைப் பழைய டிஸ்க்கோடு சேர்த்து எறிந்துவிட்டுத் தேடுகிறவர்கள் உண்டு. 2012 வரையிலான 13 அங்குல மேக்புக் ப்ரோக்களில் டிஸ்க்கின் பக்கங்களில் நான்கு டார்க்ஸ் டி6 முளைகள் இருக்கும். அவை சட்டத்திலுள்ள ரப்பர் குழிகளில் உட்காரும். புது டிஸ்க்குக்கு அந்த முளைகளை மாற்றாமல் அப்படியே வைத்து மூடினால் டிஸ்க் உள்ளே மிதக்கும், லேப்டாப் நடுங்கும்.

கடைசியாக, டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் சாட்டா இணைப்பி. டிஸ்க் ஆடினால் அதன் முழு எடையும் இந்த மெல்லிய பிளாஸ்டிக்கில்தான் விழும். கழற்றும்போது நேராகப் பின்னால் இழுங்கள், மேல்நோக்கி நெம்ப வேண்டாம்.

புது டிஸ்க் கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறது. அதனால் ஆடுமா?

சில மாடல்களில் ஆடும். பழைய லேப்டாப் டிஸ்க்குகள் 9.5 மிமீ தடிமன், இப்போது கிடைப்பவை 7 மிமீ. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் விற்கிறார்கள், ஸ்பேசர் என்று கேளுங்கள். பல எஸ்எஸ்டிகளின் பெட்டிக்குள்ளேயே இது இருக்கும். நான்கு பக்க ஸ்குரூவால் தகட்டில் பிணைக்கும் மாடல்களில் ஸ்பேசர் தேவையில்லை, ஸ்குரூக்களே டிஸ்க்கைத் தூக்கிப் பிடிக்கும். சும்மா நழுவி உள்ளே போகும் மாடல்களில்தான் தேவை. திங்க்பேட் டி420, டி430 போன்றவை 9.5 மிமீ இடம் கொண்டவை, எக்ஸ்220, எக்ஸ்230 ஆகியவை 7 மிமீ. இரண்டுக்கும் ரப்பர் தண்டவாளத்தின் உயரம் வேறு. மாற்றிப் போட்டால் ஒன்றில் ஆடும், மற்றதில் மூடி மூடாது.

ஸ்பேசர் கிடைக்கவில்லை. இரட்டை ஒட்டு ஃபோம் டேப்பை ஒட்டிச் சமாளிக்கலாமா?

பக்கவாட்டில் மட்டும், 1 முதல் 2 மிமீ தடிமனுள்ள சிலிக்கோன் அல்லது ஈவிஏ ஃபோம் துண்டுகளை வைக்கலாம். டிஸ்க்கின் மேல் மூடியிலுள்ள சின்னக் காற்றுத்துளையை ஒருபோதும் மூடக்கூடாது. உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமப்படுத்துவது அந்தத் துளைதான், பக்கத்திலேயே மூடாதே என்று அச்சிட்டிருப்பார்கள். டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சை மின்சுற்றுப் பலகையின் மேல் ஃபோம் ஒட்டினால் சூடு தேங்கும். ஒட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் வெப்பநிலையைப் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் ஃபோமை எடுத்துவிடுங்கள். மடித்த காகிதம், தீப்பெட்டி அட்டை இரண்டும் வேண்டாம். சில வாரத்தில் அமுங்கி மறுபடி ஆடத் தொடங்கும்.

5400 டிஸ்க்கை எடுத்துவிட்டு 7200 போட்டேன். அன்றிலிருந்து கை மரத்துப்போகிறது.

எதிர்பார்க்கவேண்டியதுதான். சமநிலைக் குறைவால் வரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 7200ஐ 5400ஆல் வகுத்தால் 1.33; அதன் வர்க்கம் 1.78. ஒரே அளவு சமநிலைக் குறைவு உள்ள தட்டு 78 சதவீதம் அதிக விசையோடு உதைக்கிறது. அதோடு, அந்த லேப்டாப்பின் ரப்பரும் சட்டமும் 90 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருக்கலாம். 120 ஹெர்ட்ஸ் அந்த உடலின் இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகே விழுந்தால் மெல்லிய மேல்மூடி மத்தளம்போல் முழங்கும். பிடிப்பு எல்லாம் சரியாக இருந்தும் தாங்க முடியவில்லை என்றால் 5400க்குத் திரும்புங்கள், அல்லது அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். வேகத்துக்காகத்தான் 7200 வாங்கினீர்கள் என்றால் எஸ்எஸ்டிக்கு முன் அந்த வேக வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல.

புத்தம்புது டிஸ்க்கே அதிர்கிறது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

ஒரே மாடலில் ஒரு டிஸ்க் அமைதியாகவும் இன்னொன்று உறுமலாகவும் வருவதுண்டு. அதிர்வு என்று சொன்னால் மட்டும் கடைக்காரர் அசையமாட்டார். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி மெல்லிய ஃபோமின் மேல் வைத்து, அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க்கோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஃபோமின் மேலும் நகர்ந்து ஊர்ந்தால் வாதமே தேவையில்லை. சீகேட் என்றால் சீடூல்ஸ் என்பதுபோல் உற்பத்தியாளரின் சொந்தச் சோதனைக் கருவியில் நீண்ட சோதனை ஓட்டி முடிவைச் சேமியுங்கள். டிஸ்க் லேப்டாப்போடு வந்ததாக இருந்தால் டிஸ்க் நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. லேப்டாப் நிறுவனத்திடம்தான் போகவேண்டும்.

டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) போட்டு இரண்டாவது டிஸ்க் வைத்திருக்கிறேன். அதுதான் அதிர்கிறது.

அந்த இடம் சுழலும் டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டதல்ல. மலிவான கேடிகளில் ரப்பர் எதுவும் கிடையாது, முழுவதையும் ஒரே ஒரு ஸ்குரூதான் பிடிக்கிறது. 12.7 மிமீ இடத்தில் 9.5 மிமீ கேடியைப் போட்டிருந்தால் மேலும் மோசம். இரண்டையும் இடம் மாற்றுங்கள்: எஸ்எஸ்டி இருந்தால் அதைக் கேடியிலும், ஹார்டு டிஸ்க்கை ரப்பர் உள்ள அசல் இடத்திலும். ஒரு சங்கடம், சில லேப்டாப்புகளில் டிவிடி இடத்தின் சாட்டா இணைப்பு அசல் இடத்தைவிட மெதுவானது. சிலவற்றில் அங்கிருந்து பூட் ஆகாது. மாற்றும் முன் உங்கள் மாடலுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்தது. அதன் பிறகுதான் அதிர்வு.

இங்கே பேச்சு மாறுகிறது. உடனே அணையுங்கள். ஓடாத நிலையில் லேப்டாப் டிஸ்க்குகள் பெரிய அடியையும் தாங்கும். ஓடும்போது அந்தத் தாங்குதிறன் பாதிக்கும் கீழே. விழுந்த அடியில் தட்டு தன் மையத்திலிருந்து நுண்ணிய அளவு நழுவியிருக்கலாம். அப்படி நழுவினால் ஒவ்வொரு சுற்றிலும் தரவு எழுதிய வட்டத் தடம் இடவலமாக ஓடும், படிக்கும் தலை அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். லேப்டாப் மெதுவாவதும் அதிர்வும் சேர்ந்து வருவது இதனால்தான். இதை வீட்டில் சரிசெய்ய வழி கிடையாது. டிஸ்க்கைத் திறந்து நகர்த்திவைக்கும் வேலை தூசியற்ற அறையில் செய்வது. வீட்டு மேசையில் மூடியைத் திறந்த டிஸ்க் முடிந்த கதை.

தரவு விலைமதிப்பற்றது என்றால் மறுபடி இயக்காமல் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இழந்தால் வருத்தம்தான், ஆனால் செலவழிக்க மனமில்லை என்ற நிலையில் லினக்ஸிலுள்ள டிடிரெஸ்க்யூ கொண்டு ஒரே ஒரு முறை நகலெடுத்துப் பாருங்கள். அது எளிதில் படியும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலானவற்றுக்குப் பிறகு திரும்பிவரும். விண்டோஸில் கோப்பு கோப்பாக இழுத்துப்போடுவது, செக் டிஸ்க் ஓட்டுவது இரண்டும் அடிபட்ட டிஸ்க்கைக் கொல்லும்.

எந்தச் சத்தம் கேட்டால் பயப்படவேண்டும்?

சீரான இடைவெளியில் 'டக், டக், டக்' என்று அடித்து நின்று, மறுபடி தொடங்கினால் தலை தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறது. உரசும் சத்தம் என்றால் தலை தட்டைத் தொட்டுவிட்டது. சன்னமான 'பீப்' வந்து தட்டு சுழலவே இல்லை என்றால் தலை தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். இந்த மூன்றில் எதற்கும் ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டாம்.

எப்போதாவது வரும் ஒற்றை 'டிக்' வேறு. மின்சாரம் மிச்சப்படுத்தத் தலை ஓரத்திலுள்ள சரிவில் ஏறி ஓய்வெடுக்கும் சத்தம் அது. லேப்டாப் டிஸ்க்குகள் பொதுவாக 6 லட்சம் முறை இப்படி ஏறி இறங்க வடிவமைக்கப்பட்டவை; ஸ்மார்ட்டில் லோட் சைக்கிள் கவுண்ட் (சி1) என்று பார்க்கலாம்.

நான் எதுவும் செய்யாதபோதும் டிஸ்க் உறுமுகிறதே?

விண்டோஸ் தேடல் அட்டவணை தயாரிக்கும், வைரஸ் தடுப்பான் வருடும், அப்டேட் இறங்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியை அழுத்தி வரிசைப்படுத்தினால் யார் என்று தெரியும். அங்கே 0 சதவீதம் காட்டியும் தலை ஓடிக்கொண்டிருந்தால், அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். 1 டிபி, 7 மிமீ டிஸ்க்குகளில் பல இந்த வகை. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் இவை, ஓய்வு நேரத்தில் உள்ளேயே அடுக்கிச் சரிசெய்துகொள்ளும். பெரிய கோப்புகளை எழுதிய பிறகு பல நிமிடம் இது நீடிப்பது இயல்பு.

பஸ்ஸில், ரயிலில் பயன்படுத்தும்போது லேப்டாப் நின்று நின்று ஓடுகிறது.

வெளியிலிருந்து வரும் அதிர்வும் டிஸ்க்குக்கு எதிரிதான். பல லேப்டாப்புகளில் அசைவை உணர்ந்து தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. ஐபிஎம் 2003இல் திங்க்பேடிலும், ஆப்பிள் 2005இல் தன் லேப்டாப்பிலும் கொண்டுவந்தவை, எச்பியிலும் உண்டு. தலை ஒதுங்கிய ஒவ்வொரு முறையும் லேப்டாப் ஓரிரு நொடி உறையும். அந்தப் பாதுகாப்பை அணைக்காதீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டு வைத்தால் டிஸ்க் பாதிக்குமா?

வேடிக்கையாகத் தோன்றினாலும் நடந்திருக்கிறது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், சர்வர் டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று கத்தி, அதன் தாமதம் எகிறுவதை வீடியோவில் காட்டினார். 2022இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதிய இன்னொரு சம்பவம்: விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு குறிப்பிட்ட பாடலை ஒலித்தால் சில லேப்டாப்புகள் செயலிழந்தன; அருகிலிருந்த வேறு லேப்டாப்பும் சேர்ந்து விழுந்தது. பாட்டிலிருந்த ஓர் அதிர்வெண் அந்த 5400 டிஸ்க்கின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டது. ஒலிப்பாதையில் அந்த அதிர்வெண்ணை வடிகட்டிச் சமாளித்தார்கள். வீட்டில் செய்யவேண்டியது, பெரிய பாஸ் ஸ்பீக்கரையும் ஹார்டு டிஸ்க் லேப்டாப்பையும் ஒரே பலகையில் வைக்காதிருப்பது.

மென்பொருளை வைத்து அதிர்வைக் குறைக்க முடியாதா?

சுழற்சி அதிர்வை முடியாது; வேகத்தைக் குறைக்கும் வசதி இந்த டிஸ்க்குகளில் இல்லை. இரண்டாவது டிஸ்க்காக இருந்தால் மட்டும் பவர் ஆப்ஷன்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க் ஆஃப்டர்' என்பதை 5 நிமிடமாக வைத்து உறங்க வைக்கலாம்.

எஸ்எஸ்டிக்கு மாறிவிடலாம் என்றால் படிப்படியாக என்ன செய்யவேண்டும்?

எல்லா வைத்தியத்திலும் இதுவே நிரந்தரமானது, அதிர்வு பூஜ்யமாகிவிடும். 2.5 அங்குல, 7 மிமீ, சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். எம்.2 துளை இருந்தால் அது சாட்டா எம்.2வை ஏற்குமா என்விஎம்இயை ஏற்குமா என்று மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்த பிறகே அதை வாங்குங்கள். தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றிப்போட்டால் ஓடாது. கொள்ளளவு, இப்போது நிரம்பியிருப்பதைவிட நான்கில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதிவையுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் கடைசிப் படியில் நீலத்திரை முன் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு எஸ்எஸ்டியை யுஎஸ்பி சாட்டா அடாப்டரில் இணைத்து, குளோன்சில்லா அல்லது எஸ்எஸ்டி நிறுவனம் தரும் நகல் மென்பொருளால் முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள். குளோன்சில்லா சாதாரணமாகச் சேருமிடம் மூலத்தைவிடச் சிறிதாக இருப்பதை ஏற்காது. 1 டிபி டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போவதாக இருந்தால் டிஸ்க்கின் பகிர்வுகளை (பார்டிஷன்) முதலில் சுருக்கவேண்டும், அல்லது நிறுவனத்தின் மென்பொருளே எளிது. ஸ்மார்ட்டில் பெண்டிங் செக்டர் இருந்தால் இந்த வழியே வேண்டாம். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

எஸ்எஸ்டியை உள்ளே வைத்ததும் பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) சாட்டா பயன்முறையை யாராவது மாற்றியிருக்கிறார்களா பாருங்கள். ஏஎச்சிஐ என்றிருந்தால் அப்படியே, ரெய்டு என்றிருந்தால் அப்படியே. முன்பு எப்படி இருந்ததோ அப்படி.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது?

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு இரண்டாம் நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். சுழலத் தொடங்கும் கணத்தில் இது 5 வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு ஆம்பியர் இழுக்கும். பழைய யுஎஸ்பி 2 துளையில் 500 மில்லியாம்பியர்தான் உறுதி என்பதால் தத்தளித்துத் திரும்பத் திரும்பத் தொடங்கினால் நீலநிற யுஎஸ்பி 3 துளைக்கு மாற்றுங்கள். ஓடும்போது கையில் எடுத்துத் திருப்ப வேண்டாம்.

எறியத்தான் போகிறீர்கள் என்றால் முழு டிஸ்க்கையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். ஓடாத டிஸ்க்கைச் சுத்தியலால் உடைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, ஒரே அடியில் ஊசித் துணுக்குகளாகத் தெறிக்கும். தடித்த துணியில் சுற்றி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு உடையுங்கள்.